என்எஃப்எஸ், சம்பா கோப்பு சர்வர்களில் பயனர், குழு அடையாளங்களைப் பொருத்துவது எப்படி?

ஓர் அலுவலகத்தில் இரண்டு லினக்ஸ் கணினிகள் இருப்பதாகக் கொள்வோம். முதல் கணினியில் கயலுக்கு முதலில் கணக்குத் திறந்தார்கள், அடுத்து முகிலனுக்கு. இரண்டாவது கணினியில் முகிலன் முந்திக்கொண்டார். டெபியன், உபுண்டு, ரெட் ஹாட் ஆகியவை சாதாரணப் பயனர்களுக்கு 1000 என்ற எண்ணிலிருந்து வரிசையாக எண் கொடுத்துக்கொண்டு போவதால், முதல் கணினியில் கயல் 1000, முகிலன் 1001 என்றும், இரண்டாவதில் முகிலன் 1000, கயல் 1001 என்றும் ஆகிவிட்டது. இரண்டு கணினிகளும் ஒரே சர்வரின் ஒரே ஃபோல்டரை, வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் முறையான என்எஃப்எஸ் வழியாக மவுன்ட் செய்கின்றன, அதாவது தம் சொந்த ஃபோல்டர் போல இணைத்துக்கொள்கின்றன. கயல் முதல் கணினியில் ஒரு கடிதம் எழுதி, உரிமையாளர் மட்டுமே திறக்கும்படி சேமிக்கிறார். மறுநாள் இரண்டாவது கணினியில் உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கடிதத்தின் உரிமையாளர் முகிலன் என்று இருக்கிறது. கோப்பைத் திறக்கக் கயலுக்கே அனுமதி இல்லை. முகிலனோ அதைத் திருத்தலாம், அழிக்கவும் செய்யலாம்.

இதில் மென்பொருளின் பிழை எதுவும் இல்லை. வட்டில் பெயர் எழுதப்படுவதில்லை, எண்தான் எழுதப்படுகிறது. யூஐடி எனப்படும் பயனர் எண்ணும் ஜிஐடி எனப்படும் குழு எண்ணும் மட்டுமே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குத் தெரியும். திரையில் நாம் காணும் பெயர், அந்தந்தக் கணினி தன்னிடமுள்ள பாஸ்வேர்டு கோப்பையோ, கணக்குகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் மைய அடைவுச் சேவையையோ பார்த்துக் கடைசி நேரத்தில் மொழிபெயர்த்துக் காட்டுவதாகும். ஆகவே இந்த வேலையைத் தொடங்கும் எவரும் முதலில் பழக வேண்டியது, எல்எஸ் கட்டளையை எல், என் ஆகிய இரு விருப்பங்களோடு இயக்குவதாகும். என் என்ற விருப்பம் பெயர்களை விலக்கிவிட்டு எண்களை அப்படியே காட்டும். பெயரைப் பார்த்துச் சிக்கலைத் தேடுபவர் மணிக்கணக்கில் சுற்றுவார். எண்ணைப் பார்ப்பவருக்கு ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

கட்டளைகளையும் அமைப்புச் சொற்களையும் இக்கட்டுரையில் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். கணினியில் தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில வடிவத்தையே பயன்படுத்த வேண்டும்.

கம்பியில் செல்வது எது?

1995-இல் வரையறுக்கப்பட்ட என்எஃப்எஸ் மூன்றாம் பதிப்பில் எல்லாமே எண்கள்தாம். சர்வரின் ஃபோல்டரைப் பயன்படுத்தும் கிளையன்ட் கணினி ஒவ்வொரு கோரிக்கையோடும் பயனர் எண், முதன்மைக் குழு எண், கூடுதல் குழு எண்கள் ஆகியவற்றை அனுப்பும். சர்வர் அவற்றை அப்படியே நம்பி, வட்டிலுள்ள எண்களோடு ஒப்பிட்டு அனுமதி தரும் அல்லது மறுக்கும். இந்த முறைக்கு ஆத்-சிஸ் என்று பெயர்; மவுன்ட் விருப்பங்களில் செக் என்பதற்கு எதிரே சிஸ் என்று இருப்பது இதுவே.

நான்காம் பதிப்பு கோப்பின் உரிமையாளரை, பெயர், அட் குறி, டொமைன் என்று மின்னஞ்சல் முகவரி போன்ற வடிவில் அனுப்ப வழி செய்தது. அந்தப் பெயரை எண்ணாக்குவதும் எண்ணைப் பெயராக்குவதும் ஐடிமேப் அமைப்பின் வேலை. இதைப் படித்தவுடன், இனி எண்கள் வேறுபட்டாலும் பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இத்துறையில் மிக அதிக நேரத்தை விழுங்கும் தவறான புரிதல் இதுதான். கோப்பின் உரிமையாளர் யார் என்ற தகவல் ஒரு வழியில் செல்கிறது. கோரிக்கை விடுப்பவர் யார் என்ற தகவல் வேறொரு வழியில் செல்கிறது. நான்காம் பதிப்பாக இருந்தாலும் ஆத்-சிஸ் முறையில் இரண்டாவது வழியில் செல்வது வெறும் எண்தான்.

இதன் விளைவை அருகிலிருந்து பார்ப்போம். சர்வரில் கயல் 1000, முகிலன் 1001. கயலின் கணினியில் அவர் 1001. ஆத்-சிஸ் முறையிலேயே பெயர் வழிப் பொருத்தத்தையும் இயக்கி, டொமைனையும் சரியாக அமைத்துவிட்டோம். இப்போது கயல் தன் கணினியில் எல்எஸ் இயக்கினால், கோப்பு கயலுடையது என்று அழகாகத் தெரியும். ஆனால் அது உரிமையாளர் மட்டுமே திறக்கக்கூடிய கோப்பு என்றால், திறக்கப் போகும்போது அனுமதி மறுக்கப்படும். ஏனெனில் கோரிக்கையோடு சென்ற எண் 1001, அது சர்வரின் கணக்கில் முகிலன். கயல் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கினால், அது உருவாகும் கணத்திலேயே முகிலனின் பெயரில் வந்து நிற்கும். பெயர் சரியாகத் தெரிவதாலேயே பொருத்தம் சரி என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆகவே வேலையின் வரிசை இதுதான்: முதலில் எல்லாக் கணினிகளிலும் எண்களை ஒன்றாக்குங்கள், அதன் பிறகே பொருத்தும் கருவிகளிடம் போங்கள். பயனரின் அடையாளத்துக்குச் சான்றளிக்கும் கெர்பரோஸ் முறை இல்லாத என்எஃப்எஸ் அமைப்பில் எண்களை ஒன்றாக்குவதோடு பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

எண் திட்டம்

ஒரு தாளிலோ விரிதாளிலோ ஒரே பதிவேடு திறவுங்கள். பயனர் பெயர், பயனர் எண், முதன்மைக் குழு எண், கணக்குத் தொடங்கிய நாள், விலகிய நாள் ஆகியவை அதில் இருக்கட்டும். எந்த எண் வரிசையைத் தேர்ந்தெடுப்பது என்பதில் சற்றுக் கவனம் தேவை. 1000-க்குக் கீழே உள்ளவை அமைப்புக் கணக்குகளுக்கு உரியவை. 1000 முதல் ஒவ்வொரு கணினியும் தன் விருப்பப்படி கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதால் அதையும் விட்டுவிடுவது நல்லது. 61184 முதல் 65519 வரையுள்ள எண்களை, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் தற்காலிகப் பயனர்களுக்குப் பயன்படுத்தும். 65534 யாரென்று தெரியாதவருக்கான நோபடி கணக்கு. 1,00,000-க்கு மேலே கன்டெய்னர்களுக்கான துணை எண்கள் தொடங்குகின்றன. எல்லாவற்றையும் தவிர்த்துப் பார்த்தால், சிறிய, நடுத்தர அலுவலகங்களுக்கு 20000 முதல் 29999 வரை மனிதர்களுக்கும், 30000 முதல் 39999 வரை துறைக் குழுக்களுக்கும் ஒதுக்குவது தொல்லையற்ற ஏற்பாடாக இருக்கிறது. ஒவ்வொருவரின் தனிக் குழுவுக்கும் அவருடைய பயனர் எண்ணையே கொடுத்துவிட்டால் நினைவில் வைப்பதும் எளிது.

விலகிச் சென்றவரின் எண்ணை வேறு எவருக்கும் தரவே கூடாது. அவருடைய கோப்புகள் பழைய பேக்கப்களிலும், மறந்துபோன ஏதோ ஒரு ஃபோல்டரிலும் அந்த எண்ணோடு பல ஆண்டுகள் இருக்கும். அந்த எண்ணைப் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுப்பது, பழையவரின் அலமாரிச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

பத்துக் கணினிகள் வரை இந்தப் பதிவேட்டைப் பார்த்துக் கையால் கணக்குத் திறக்கலாம். அதற்கு மேல் போனால் எல்டாப், ஃப்ரீஐபிஏ, ஆக்டிவ் டைரக்டரி போன்ற மைய அடைவில் பயனர்களை வைத்து, ஒவ்வொரு கணினியும் அடைவிலிருந்து கணக்கு விவரங்களைப் பெற்றுத் தரும் எஸ்எஸ்எஸ்டி சேவை வழியாக அதைக் கேட்கும்படி அமைப்பதே சரி. எப்படியானாலும் சரிபார்ப்பது ஒரே விதம்: சர்வரிலும் எல்லாக் கிளையன்ட்களிலும் ஐடி என்ற கட்டளையைப் பயனர் பெயரோடு இயக்க வேண்டும். வரும் எண்கள் கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருக்க வேண்டும்.

இருக்கும் எண்களை மாற்றுவது

மிகுந்த பொறுமை வேண்டிய கட்டம் இது. விடுமுறை நாளைத் தேர்ந்தெடுங்கள். பேக்கப் எடுத்து, அதிலிருந்து ஓரிரு கோப்புகளை மீட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். கிளையன்ட்கள் அனைத்தும் மவுன்டைக் கழற்றியிருக்க வேண்டும். பயனருடைய செயல்முறை ஒன்று ஓடிக்கொண்டிருந்தாலும் யூசர்மாட் கட்டளை எண்ணை மாற்ற மறுத்துவிடும் என்பதால் எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிடுங்கள்.

யூசர்மாட் கட்டளையில் சிறிய யூ விருப்பத்தோடு புதிய எண்ணைத் தந்தால், கணக்கின் எண்ணோடு அந்தப் பயனரின் ஹோம் ஃபோல்டரில் அவருக்கு உரியனவாக உள்ள கோப்புகளின் எண்ணும் மாறிவிடும். ஹோமுக்கு வெளியே உள்ளவை பழைய எண்ணிலேயே நிற்கும். குழு எண்ணை மாற்றும் குரூப்மாட் எந்தக் கோப்பையும் தொடாது. எனவே மீதியை ஃபைண்ட் கட்டளையால் நாமே தேடி மாற்ற வேண்டும்: பகிரப்படும் வட்டுப் பகுதியைக் குறிப்பிட்டு, வேறு வட்டுக்குத் தாவாதிருக்க எக்ஸ்டெவ் விருப்பத்தையும், பழைய எண்ணைக் குறிக்க யூஐடி விருப்பத்தையும் தந்து, கிடைப்பவற்றை எக்ஸெக் வழியாகச் சௌன் கட்டளையிடம் ஒப்படைக்க வேண்டும். சௌனோடு சிறிய எச் விருப்பத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் குறியீட்டு இணைப்பை விட்டுவிட்டு அது சுட்டும் கோப்பின் உரிமையாளரை மாற்றிவிடும், அந்தக் கோப்பு வேறொருவருடையதாக இருக்கக்கூடும். குழுக்களுக்கு இதையே ஜிஐடி விருப்பத்தோடும் சிஎச்ஜிஆர்பி கட்டளையோடும் செய்ய வேண்டும். இவை அனைத்தும் சர்வரின் வட்டில் நேரடியாக நடக்க வேண்டியவை. கிளையன்டிலிருந்து ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள நிர்வாகியாக, முயன்றால் சர்வர் மறுத்துவிடும். காரணம் பிறகு வருகிறது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. சர்வரில் 1000, 1001 ஆகிய இரண்டு எண்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 1000-ஐ எல்லாம் 1001 ஆக்கினீர்கள். அந்த நொடியில் இருவரின் கோப்புகளும் ஒரே எண்ணுக்கு வந்துவிட்டன. அடுத்து 1001-ஐ 1000 ஆக்கினால் எல்லாமே மொத்தமாக ஒருவரிடம் போய்ச் சேரும். எது யாருடையது என்ற தகவல் வட்டிலிருந்தே அழிந்துவிட்டது, பேக்கப் ஒன்றுதான் துணை. இடமாற்றம் தேவைப்பட்டால் ஒருவரை முதலில் யாரும் பயன்படுத்தாத 50001 போன்ற எண்ணுக்குக் கொண்டுபோய், மற்றவரை நகர்த்தி, அதன் பின் முதலாமவரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். 20000-இல் தொடங்கும் புது வரிசைக்கு எல்லோரையும் நகர்த்தச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இதுவே: பழைய எண்ணும் புதிய எண்ணும் எங்கும் மோதாது.

சௌன் தொடாத சில இடங்கள் உண்டு. ஏசிஎல் என்னும் அனுமதிப் பட்டியல்களுக்குள் பழைய எண்கள் அப்படியே இருக்கும். சௌன் வேலை முடிந்த பிறகு, கெட்எஃப்ஏசிஎல் கட்டளையை எண் வடிவிலும் உட்பிரிவுகள் உட்படவும் இயக்கி, வருவதை ஒரு கோப்பில் பிடித்து, எண்களை மாற்றி, செட்எஃப்ஏசிஎல் கட்டளையின் ரீஸ்டோர் விருப்பத்தால் திரும்ப ஏற்ற வேண்டும். சௌனுக்கு முன்பே பிடித்த பட்டியலை ஏற்றிவிடாதீர்கள். அதிலுள்ள பழைய உரிமையாளரும் கூடவே திரும்பிவிடுவார். வட்டு ஒதுக்கீட்டு வரம்புகளும் எண்ணின் பேரிலேயே இருப்பதால் அவற்றைப் புதிய எண்ணுக்கு மறுபடி அமைக்க வேண்டும். சௌன் இயங்கக்கூடிய கோப்புகளின் செட்யூஐடி அடையாளத்தை (யார் இயக்கினாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் இயங்க வைப்பது) நீக்கிவிடும் என்பதால் அத்தகைய கோப்புகள் இருந்தால் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். இறுதியில் ஃபைண்டை நோயூசர், நோகுரூப் விருப்பங்களோடு ஒரு முறை ஓட்டினால், எந்தக் கணக்குக்கும் சேராமல் அநாதையாகக் கிடக்கும் கோப்புகள் வெளிவரும்.

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ரூட்டும் நோபடியும்

எந்த ஃபோல்டரை யாருக்குப் பகிர்வது என்று சொல்லும் சர்வரின் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் எதுவும் குறிப்பிடாவிட்டாலும் ரூட்-ஸ்குவாஷ் இயங்கிக்கொண்டிருக்கும். கிளையன்டில் ரூட்டாக இருப்பவர் அனுப்பும் 0 என்ற எண்ணைச் சர்வர் ஏற்காமல் 65534 ஆக மாற்றிவிடும் என்பது இதன் பொருள். பதினாறு பிட் அளவில் எழுதிய மைனஸ் 2 என்பதே இந்த 65534. டெபியன் குடும்பத்தில் இதன் குழு நோகுரூப் என்றும் ரெட் ஹாட் குடும்பத்தில் நோபடி என்றும் தெரியும். இந்தக் காப்பை நீக்கும் நோ-ரூட்-ஸ்குவாஷ் விருப்பத்தை, வட்டில்லாக் கணினிகளை இயக்குவது போன்ற உறுதியான காரணம் இல்லாமல் எழுத வேண்டாம். அனுமதிச் சிக்கல் தீர்ந்தது போலத் தோன்றும். கிளையன்டில் ரூட்டாகும் எவரும் சர்வரின் அந்தப் பகுதியில் நினைத்ததைச் செய்யலாம் என்ற நிலையும் அதோடு வந்துவிடும்.

ஸ்கேன் செய்த படங்களைப் போடும் பொது ஃபோல்டருக்கு, யார் எழுதினாலும் ஒரே உரிமையாளராக இருப்பது வசதி. அதற்கு ஆல்-ஸ்குவாஷ் விருப்பத்தோடு அனான்யூஐடி, அனான்ஜிஐடி ஆகியவற்றில் நீங்கள் விரும்பும் எண்ணைத் தர வேண்டும். அந்த எண் நோபடியாக இருக்க வேண்டாம். வேறு சேவைகளும் நோபடியின் பெயரில் இயங்கக்கூடும் என்பதால், இதற்கென்றே 20900 போன்ற எண்ணில் உள்நுழைவு இல்லாத தனிக் கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். கோப்பைத் திருத்தியதும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையை ஆர், ஏ விருப்பங்களோடு இயக்கினால் மாற்றம் நடைமுறைக்கு வரும்.

பதினாறு குழுக்களுக்கு மேல்

ஆத்-சிஸ் கோரிக்கையில் கூடுதல் குழு எண்களுக்குப் பதினாறு இடங்கள்தாம் உண்டு. இருபது குழுக்களில் உள்ள ஒருவருக்கு நான்கு குழுக்கள் சர்வரைச் சென்றடைவதே இல்லை. ஐடி கட்டளை இருபதையும் காட்டும், ஃபோல்டரோ திறக்காது. மேலாளர்களும் கணக்காளர்களும்தான் பல குழுக்களில் இருப்பவர்கள் என்பதால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் மேலிடத்திலிருந்துதான் முதலில் வரும்.

தீர்வு எளிது. சர்வரின் என்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் மவுன்ட்டி என்ற பிரிவின் கீழ் மேனேஜ்-ஜிட்ஸ் என்பதற்கு ஒய் என்று எழுதி, சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். அதன் பிறகு கிளையன்ட் அனுப்பும் குழுப் பட்டியலைச் சர்வர் பொருட்படுத்தாது. பயனர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு குழுக்களைத் தானே தேடும். இதற்குச் சர்வருக்கு அந்தப் பயனரையும் அவருடைய குழுக்களையும் தெரிந்திருக்க வேண்டும். சர்வரில் கணக்கே இல்லாமல் எண்ணை வைத்து மட்டும் இதுவரை ஓடிக்கொண்டிருந்தால், இந்த மாற்றத்துக்குப் பிறகு அவருடைய கூடுதல் குழு அனுமதிகள் எல்லாம் போய்விடும். ஒருவரைப் புதிய குழுவில் சேர்த்த பின் சர்வர் பழைய பட்டியலையே சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும்; காத்திருக்க முடியாதபோது எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளையைச் சிறிய எஃப் விருப்பத்தோடு இயக்கி அந்த நினைவைத் துடைக்கலாம்.

கெர்பரோஸோடு நான்காம் பதிப்பு

ஆத்-சிஸ் முறையில் சர்வர் நம்புவது கிளையன்ட் கணினியை, பயனரை அன்று. தன் மடிக்கணினியில் ரூட் உரிமை உள்ள எவரும் புதிய வரிசையில் கயலுக்குத் தந்த 20001 என்ற எண்ணில் ஒரு கணக்கைத் திறந்து, கயலாக நடந்துகொள்ள முடியும். எண்களை எவ்வளவு கவனமாகப் பொருத்தினாலும் இந்த ஓட்டை அடைபடாது. பயனர்களின் சொந்தக் கணினிகள் இணையும் இடத்தில் கெர்பரோஸ் வேண்டும். அப்போது கோரிக்கை விடுப்பவர் எண்ணாக வராமல், சான்றளிக்கப்பட்ட பெயராக வருவார். ஐடிமேப் உண்மையில் தன் முழு வேலையைச் செய்வது இங்கேதான்.

ஐடிமேப்டி அமைப்புக் கோப்பில் ஜெனரல் பிரிவில் டொமைன் என்ற வரி சர்வரிலும் கிளையன்ட்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் ஒவ்வொரு கணினியும் தன் முழுப் பெயரிலிருந்து டொமைனைத் தானே ஊகித்துக்கொள்ளும். ஒரு கணினியின் பெயரில் டொமைன் பகுதி விடுபட்டிருந்தாலே பொருத்தம் குலைந்துவிடும். எனவே வெளிப்படையாக எழுதிவிடுவதே நல்லது. என்எஃப்எஸ்ஐடிமேப் கட்டளையைச் சிறிய டி விருப்பத்தோடு இயக்கினால், அந்தக் கணினி எந்த டொமைனைக் கொண்டிருக்கிறது என்பதைச் சொல்லும். ரெல்ம் எனப்படும் கெர்பரோஸ் ஆளுகைப் பகுதியின் பெயர் இந்த டொமைனிலிருந்து வேறுபட்டால் அதை லோக்கல்-ரெல்ம்ஸ் வரியில் சேர்க்க வேண்டும்.

டிரான்ஸ்லேஷன் பிரிவில் மெத்தட் என்பதற்கு என்எஸ்சுவிட்ச் (கணினியின் வழக்கமான பயனர் பட்டியலில் பெயரைத் தேடும் முறை) என்று இருப்பது பெரும்பாலான இடங்களுக்குப் போதுமானது. கெர்பரோஸில் ஒரு பெயரும் சர்வரில் வேறு பெயரும் உள்ள ஓரிருவருக்காக ஸ்டேட்டிக் முறையை அதற்கு முன்னால் சேர்த்து, ஸ்டேட்டிக் பிரிவில் கெர்பரோஸ் பெயரை இடப்புறமும் உள்ளூர்ப் பெயரை வலப்புறமும் எழுதலாம். இந்தப் பட்டியல் ஐந்தாறு வரிகளைத் தாண்டினால், மைய அடைவில் பெயர்களைத் திருத்த வேண்டிய காலம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். ஆத்-சிஸ் முறைக்குப் பெயர் வழிப் பொருத்தத்தை நிறுத்தி வைக்கும் கெர்னல் அளவுரு ஒன்றும் உண்டு. இன்றைய கெர்னல்களில் அது இயல்பாகவே இயங்கு நிலையில் இருக்கிறது, கெர்பரோஸை அது பாதிக்காது. அதைத் தொட வேண்டாம்.

எல்லாக் கோப்புகளும் நோபடி என்று தெரிந்தால் முதல் சந்தேகம் டொமைன் மீதே விழ வேண்டும். கணினிப் பதிவில், இன்ன பெயர் இன்ன டொமைனுக்குள் பொருந்தவில்லை என்ற வரி இருக்கும். அதில் மேற்கோள் குறிகளுக்குள் உள்ள இரண்டு டொமைன்களையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஓர் எழுத்தோ ஒரு புள்ளியோ விடுபட்டிருக்கும். உரிமையாளரை மாற்றும்போது செல்லாத மதிப்பு என்ற பிழை வந்தாலும் இதே காரணமாக இருக்கலாம். திருத்திய பின்னும் பழைய விடை பத்து நிமிடம் வரை நினைவில் நிற்கும். கிளையன்டில் என்எஃப்எஸ்ஐடிமேப் கட்டளையைச் சிறிய சி விருப்பத்தோடு இயக்கி அதைத் துடையுங்கள். திருத்தியது சரிதான், நினைவு மட்டும் பழையது என்பதை அறியாமல் அமைப்பை மேலும் மேலும் மாற்றிக் குழப்பிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸ் பயனர்களும் சம்பாவும்

லினக்ஸ் சர்வரின் ஃபோல்டர்களை விண்டோஸ் கணினிகளுக்குப் பகிரும் மென்பொருள் சம்பா. விண்டோஸ் உலகில் யூஐடி கிடையாது. எஸ்ஐடி என்ற நீண்ட அடையாளம் உண்டு. அதன் முன்பகுதி டொமைனைக் குறிக்கும். கடைசிப் பகுதியான ஆர்ஐடி அந்த டொமைனுக்குள் ஆளையோ குழுவையோ குறிக்கும். நிர்வாகிக்கு 500, டொமைன் யூசர்ஸ் குழுவுக்கு 513 என்பவை எல்லா டொமைன்களிலும் மாறாதவை. இந்த எஸ்ஐடியை யூஐடி ஆக்கும் பொறுப்பு சம்பாவின் வின்பைண்ட் சேவையிடம் இருக்கிறது. எந்த வழியில் ஆக்குவது என்பதை ஐடிமேப் கான்ஃபிக் வரிகள் முடிவு செய்கின்றன.

டிடிபி முறை, யார் முதலில் வருகிறாரோ அவருக்கு அடுத்த எண் என்று கொடுத்து, அதைச் சர்வரிலேயே ஒரு தரவுக் கோப்பில் எழுதி வைக்கும். உள்ளமைந்த கணக்குகளுக்கான நட்சத்திரக் குறி வரிக்கு இது பொருத்தமானது. 3000 முதல் 7999 வரை போதும். மனிதர்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. நான் இத்தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் ஒரு சர்வரை மறுநிறுவல் செய்தபோது கோப்புகள் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்தேன், இந்தச் சிறிய தரவுக் கோப்பை எடுக்கவில்லை. மறுநாள் காலை யார் முதலில் உள்நுழைந்தார்களோ அந்த வரிசையில் எண்கள் மறுபடி பங்கிடப்பட்டன. சம்பளக் கணக்கு ஃபோல்டர் அதற்குத் தொடர்பே இல்லாத ஒருவருக்குத் திறந்தது. அதைக் கண்டு உடனே வந்து சொன்ன அந்த ஊழியருக்கு இன்றும் நன்றி உடையவனாக இருக்கிறேன்.

ஆர்ஐடி முறை எதையும் சேமித்து வைப்பதில்லை, கணக்கிடுகிறது. வரம்பின் தொடக்க எண்ணோடு ஆர்ஐடியைக் கூட்டினால் யூஐடி. வரம்பு 2000000 முதல் 2999999 வரை என்று அமைத்தால், ஆர்ஐடி 1105 உள்ளவர் எந்தச் சர்வரிலும் 2001105. டொமைன் யூசர்ஸ் குழு 2000513. எல்லாச் சர்வர்களிலும் வரம்பின் தொடக்கம் ஒன்றாக இருந்தால் எண்களும் ஒன்றாக இருக்கும். ஒரு முறை வைத்த தொடக்க எண்ணைப் பிறகு மாற்றக் கூடாது. மாற்றினால் வட்டிலுள்ள ஒவ்வொரு கோப்பும் உரிமையாளரை இழக்கும்.

ஏடி முறையில், ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொருவரின் பதிவிலும் யூஐடிநம்பர், ஜிஐடிநம்பர் என்ற புலங்களில் நாமே எண்களை எழுதி வைக்கிறோம். உழைப்பு கூடுதல், ஆனால் மேலே சொன்ன 20000, 30000 வரிசைகளை அப்படியே பயன்படுத்தி, வரம்பை 20000 முதல் 39999 வரை என்று அமைக்கலாம். டொமைன் யூசர்ஸ் குழுவுக்கு ஜிஐடிநம்பர் எழுத மறந்தால், பயனர்களுக்கு எண் எழுதியிருந்தும் அவர்கள் லினக்ஸ் பக்கம் தெரியவே மாட்டார்கள். வரம்புக்கு வெளியே எண் இருந்தாலும் அதே நிலைதான். நட்சத்திரக் குறியின் வரம்பும் டொமைனின் வரம்பும் ஒன்றின் மேல் ஒன்று படியக் கூடாது.

ஒரே ஃபோல்டரை விண்டோஸ் பயனர்களுக்குச் சம்பா வழியாகவும் லினக்ஸ் பயனர்களுக்கு என்எஃப்எஸ் வழியாகவும் தருகிறீர்கள் என்றால், ஏடி முறையையே தேர்ந்தெடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. சர்வரில் வின்பைண்ட் ஆர்ஐடி முறையும் லினக்ஸ் கிளையன்ட்களில் எஸ்எஸ்எஸ்டியின் தானியங்கி முறையும் இருந்தால், இரண்டும் ஒரே எஸ்ஐடியிலிருந்து வெவ்வேறு எண்களைக் கணக்கிடும். கயல், முகிலன் கதை புதிய வடிவில் திரும்பி வரும். எண்கள் அடைவிலேயே எழுதப்பட்டிருந்து, எஸ்எஸ்எஸ்டியில் எல்டாப்-ஐடி-மேப்பிங் என்ற வரிக்கு ஃபால்ஸ் என்று தந்துவிட்டால், வின்பைண்ட், எஸ்எஸ்எஸ்டி இரண்டும் அடைவில் உள்ளதை அப்படியே படிக்கும். மாற்றங்களுக்குப் பிறகு சம்பாவின் நெட் கேஷ் ஃபிளஷ் கட்டளையையும் எஸ்எஸ்எஸ்டி பக்கம் எஸ்எஸ்எஸ்-கேஷ் கட்டளையையும் இயக்கிப் பழைய நினைவுகளைத் துடைத்துவிடுங்கள்.

சரிபார்ப்பு

சர்வரில் சோதனை என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அதை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளையன்டிலிருந்தும் இரண்டு பயனர்களாக உள்நுழைந்து, கணினியின் பெயரையும் பயனரின் பெயரையும் சேர்த்துக் கோப்புப் பெயராக வைத்து ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். பிறகு சர்வரில் எல்எஸ் கட்டளையை எல், என் விருப்பங்களோடு இயக்குங்கள். கோப்புப் பெயரில் கயல் என்று உள்ள எல்லா வரிகளிலும் 20001 இருக்க வேண்டும். ஒரு வரியில் வேறு எண் இருந்தால் எந்தக் கணினியைச் சரிசெய்ய வேண்டும் என்பதைக் கோப்புப் பெயரே சொல்லிவிடும். 65534 என்று இருந்தால் ஸ்குவாஷ் விருப்பத்தையும், கெர்பரோஸ் உள்ள இடத்தில் ஐடிமேப் டொமைனையும் பாருங்கள்.

அடுத்து, மறுக்கப்பட வேண்டியவை மறுக்கப்படுகின்றனவா என்பதையும் பாருங்கள். கயலின் கோப்பை உரிமையாளர் மட்டும் படிக்கும்படி அமைத்துவிட்டு, ஒவ்வொரு கணினியிலும் முகிலனாக அதைத் திறக்க முயல வேண்டும். எல்லா இடத்திலும் அனுமதி மறுக்கப்பட வேண்டும். பலர் இந்த இரண்டாம் சோதனையைச் செய்வதில்லை. புதிய கணினி ஒன்று இணையும் நாளில் இந்த இரண்டு சோதனைகளையும் அந்தக் கணினிக்கு மட்டும் செய்து, பதிவேட்டில் தேதியோடு குறித்த பிறகே அதைப் பயனரிடம் ஒப்படைக்க வேண்டும்.